ரூபி அக்கா முழங்கால்போட்ட இடம்

போன வாரம் எங்கள் கோயிலுக்கு ஓர் அட்டைப்பெட்டி வந்தது. இயேசுவின் நினைவாக அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கான சின்னச் சின்னப் பிளாஸ்டிக் குப்பிகள். உள்ளே திராட்சைச் சாறு, மேலே ஒட்டிய தாளுக்கு அடியில் வட்டமாக ஓர் அப்பத் துண்டு. இரண்டு உரி உரித்தால் முடிந்தது, யார் கையும் எதன்மீதும் படாது. நோய்க் காலத்துக்குப் பிறகு பல சபைகள் இதற்கு மாறிவிட்டன. நாங்கள் கொஞ்சம் தாமதம். எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று ஒன்றை உரித்தேன். இருமல் மருந்து வாசனை அடித்தது. குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பீடத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

திராட்சரசம் என்றால் எனக்குச் சேக்காட்டுப் பக்கம் ஒரு குவார்ட்டர்ஸ் வீடுதான். கதவைத் திறக்கும்போதே பன்னீர் திராட்சையும் கிராம்பும் சர்க்கரையும் ஊறிய வாசனை முகத்தில் வந்து மோதும். ரூபி அக்காவின் வீடு அது. அவர் கணவர் தங்கராஜ் அண்ணன் தொழிற்சாலையில் வெல்டர். இருவரும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். பிள்ளைகள் இல்லை. ஆவடிக்கு வந்து பாதி வாழ்க்கை போன பிறகும் ஊர்ப் பேச்சில் ஓர் எழுத்தைக்கூட அவர்கள் விட்டுக்கொடுத்ததில்லை. குவார்ட்டர்ஸ் கோயிலுக்கு வேண்டிய திராட்சரசத்தை அக்காதான் சமையலறை மூலையில் ஜாடியில் ஊறப்போட்டுச் செய்வார்.

நான் அங்கே போனது இறையியல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது. எங்கள் கல்லூரியில் வாரநாட்களில் வகுப்பு. சனி, ஞாயிறு ஏதாவது ஒரு சபையில் வேலை செய்தாக வேண்டும். எனக்குக் கிடைத்தது இந்தக் குவார்ட்டர்ஸ் கோயில். வரிசையாக நின்ற வீடுகளின் கோடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான கட்டடம். ஆயருக்கு இதுபோல இன்னும் பல கோயில்கள் இருந்தன. மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும், திருவிருந்து கொடுக்க வருவார். மற்ற ஞாயிறுகளில் பிரசங்கம், ஓய்வுநாள் பள்ளி, வீடு சந்திப்பு எல்லாம் நான்தான்.

உங்களிடம் மறைப்பானேன், அந்தக் காலத்தில் எனக்குத் தலைக்கனம் அதிகம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்தவளே நான்தான். கிரேக்க அகராதியைப் பைக்குள் வைக்க மாட்டேன். மின்சார ரயிலில் அட்டை வெளியே தெரியும்படி மடியில் வைத்துக்கொள்வேன். ஒருநாள் பக்கத்தில் இருந்த பூக்காரம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னாமா, டாக்டருக்கு பட்ச்சிகினு கீறியா?" என்றாள். இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை, அந்த மட்டும் நல்லவள்.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லோடு ஏற்றி இறக்குபவர். மேனாம்பேட்டில் எங்கள் வீட்டில் நான் புத்தகத்தை விரித்தால் அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

"இன்னும் எம்மா நாளு பட்ப்ப நீ?"

"சாமியப் பத்தின படிப்புப்பா. நெறைய இருக்கு."

"சாமி இவ்ளோ பெரிய பொஸ்தகமா கீறாரு?"

என்னிடம் இப்படிக் கேட்டவர் டீக்கடையில் வேறு மாதிரிப் பேசுவார். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். "எம் பொண்ணு கிரேக்கு பட்ச்சிகினு கீது. அது இன்னான்னு எனுக்கும் தெரியாது, ஒனுக்கும் தெரியாது. அத்த உடு." அந்தக் கடையில் அதற்கு மேல் யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

டீக்கடையில் இத்தனை பெருமை இருந்த எனக்குக் குவார்ட்டர்ஸ் கோயிலில் கிடைத்தது ஒரு வெள்ளைத் துண்டு. அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அங்கே திருவிருந்துக்கு ஒரே கிண்ணம். பீடத்துக்கு முன்னால் மரக் கிராதி. அதன் வலப்பக்கம் ஆண்களும் இடப்பக்கம் பெண்களும் வரிசையாக முழங்கால்போடுவார்கள். ஆயர் அப்பத்தைக் கொடுத்துக்கொண்டே முன்னால் போவார். பின்னால் ஒருவர் கிண்ணத்தைக் கொண்டுபோய் ஒவ்வொருவர் வாயருகே சாய்ப்பார். ஒருவர் குடித்ததும் விளிம்பைத் துடைத்து, கிண்ணத்தைக் கொஞ்சம் திருப்பி, அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். எனக்கு முன்னால் அங்கே பயிற்சிக்கு வந்த பையன் முதல் மாதமே கிண்ணத்தைப் பிடித்திருக்கிறான். பேராயரின் அனுமதி எனக்கும் இருந்தது. ஆனால் சபைக் கமிட்டி ஒத்துக்கொள்ளவில்லை. கமிட்டியில் இருந்த பெரியவர் ஒருவர் கிண்ணத்தைப் பிடிப்பார், நான் துண்டோடு பக்கத்தில் நிற்பேன். அவர் நீட்ட நீட்ட நான் துடைப்பேன். இறையியல் இரண்டாம் வருடத்தில், வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கிக்கொண்டு.

கமிட்டியின் செயலாளர் தங்கராஜ் அண்ணன்தான். கெட்டவர் இல்லை. மழை நாளில் என்னைச் சைக்கிளில் பின்தொடர்ந்து வந்து, ஷேர் ஆட்டோ ஏற்றிவிட்டுத்தான் திரும்புவார். "உங்க மேல மரியாத இல்லாம இல்ல சிஸ்டர்" என்று ஒருமுறை தன் வீட்டில் வைத்து என்னிடம் சொன்னார். "எங்க ஊர்க் கோயில்ல பொம்பளையாளு கிராதியத் தாண்டி நான் பாத்ததில்ல. உங்க கையில கிண்ணத்தப் பாத்தா எனக்கு முழங்கால் மடங்காது. என்ன செய்யச் சொல்லுதிய?"

அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"ரசம் ஊறப்போடுதது நானு. சனிக்கிழம அந்தக் கிண்ணத்தப் புளி போட்டு வெளக்குததும் நானு. அப்பல்லாம் அது பொம்பள கைன்னு தெரியலயோ?"

"நீ சும்மா கெட."

"நான் ஏன் சும்மா கெடக்கணும்? ஏட்டி உபதேசியாரம்மா, நீ சொல்லு. படிச்ச புள்ளதான நீ?"

அவர் கேலியாகக் கூப்பிட்டாலும் 'உபதேசியாரம்மா' எனக்குப் பிடித்திருந்தது. ஆயர் இல்லாத நாட்களில் சபையை நடத்துபவரை அவர்கள் ஊரில் உபதேசியார் என்பார்கள். அந்தப் பட்டத்தை எந்தக் கல்லூரியும் எனக்குக் கொடுக்கவில்லை.

அந்த வருடம் அக்கா இளைக்க ஆரம்பித்தார். முதலில் வயிற்று வலி என்றார், பிறகு வாயு என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த அன்று தங்கராஜ் அண்ணன் வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே துடைத்த சைக்கிள். உள்ளே அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"ஏட்டி, எனக்கு ஒரு ஆச உண்டு கேட்டியா. பெருசு ஒண்ணுமில்ல. ஒரு தடவ உன் கையால ராப்போஜனம் வாங்கணும்."

திருவிருந்தை அக்கா ராப்போஜனம் என்றுதான் சொல்வார்.

"வாங்கலாம்க்கா. நல்லா ஆயிட்டு வாங்க."

"நல்லாயிட்டுன்னு சொல்லாத. நான் போகதுக்குள்ளன்னு சொல்லு."

"எங்கக்கா போறீங்க?"

"மார்க்கெட்டுக்கு" என்றார். சிரிக்கப் போய் வலி எடுத்து நிறுத்திக்கொண்டார்.

ஆயரிடம் சொன்னேன். வீட்டுக்கே போய்க் கொடுக்கலாமே என்றார் அவர், நோயாளிகளுக்கு அப்படிக் கொடுப்பது வழக்கம்தான். அக்கா கேட்கவில்லை. கோயிலில்தான் வேண்டும். எல்லாரோடும் சேர்ந்து வேண்டும். கிராதியின் இடப்பக்கம், கடைசியில், ஜன்னல் சுவரை ஒட்டிய மூலை அவருடைய இடம். மின்விசிறிக் காற்று அங்கே எட்டாது. அதனாலேயே யாரும் போட்டிக்கு வராத இடம். அங்கே முழங்கால்போட்டுத்தான் வாங்குவாராம்.

கமிட்டி கூடியது. பேச்சு எங்கெங்கோ போய், கடைசியில் கூரை ஒழுகலில் முடிந்தது. அடுத்த மாதமும் அப்படியே. தங்கராஜ் அண்ணன் வாயே திறக்கவில்லை என்று ஆயர் சொன்னார். அந்த இரண்டு முதல் ஞாயிறுகளிலும் அக்காவை ஆட்டோவில் வைத்துக் கூட்டிவந்தார்கள். நான் துண்டோடு நின்றேன். பெரியவர் கிண்ணத்தைச் சாய்த்தார், அக்கா குடித்தார், பிறகு என்னைப் பார்த்து லேசாக உதட்டைச் சுழித்தார். இரண்டாவது முறை அவரை எழுப்ப இரண்டு பெண்கள் தேவைப்பட்டார்கள்.

மூன்றாவது கூட்டத்தில் பெரியவர்தான் மறுபடி பேச்சை எடுத்திருக்கிறார், தனக்குக் கை நடுங்குகிறது என்று. எல்லாரும் செயலாளரைப் பார்த்தார்களாம். "குடுக்கட்டும்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அன்று சாயங்காலம் நான் அந்த வீட்டுக்குப் போனபோது அக்காவுக்குச் செய்தி தெரிந்திருந்தது. பேச முடியவில்லை. என் கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், கடையில் காய் பார்ப்பது மாதிரி. தங்கராஜ் அண்ணன் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, "ஞாயித்துக்கெழம நானே தூக்கிட்டு வந்திருவேன்" என்றார். எனக்குச் சொன்னாரா தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

வியாழக்கிழமை காலையில், கிரேக்க வகுப்பில் இருந்தபோது, போன் வந்தது.

அடக்கம் முடிந்து வரும் முதல் ஞாயிறு துக்க வீட்டார் கோயிலுக்கு வருவது அவர்கள் வழக்கம். அதுவே மாதத்தின் முதல் ஞாயிறு. தங்கராஜ் அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு, ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களோடு முன்வரிசையில் இருந்தார். அக்கா முன்பே செய்து வைத்திருந்த ரசம்தான் அன்றைக்கும். ஆயர் கிண்ணத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். அது அவ்வளவு கனமாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

ஆண்களும் பெண்களும் எழுந்து வந்தார்கள். தங்கராஜ் அண்ணனும் வந்தார். வலப்பக்கம் போக வேண்டியவர் கிராதிக்கு அருகே வந்து நின்றார், திரும்பினார், பெண்கள் பக்கம் நடந்தார். கடைசி மூலையில், ஜன்னல் சுவரை ஒட்டி, முழங்கால்போட்டார். அங்கே இருந்த பெண்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள்.

ஆயர் அப்பம் கொடுத்துக்கொண்டே போனார். நான் பின்னால் போனேன். சொல்ல வேண்டிய வார்த்தைகளைச் சொல்லிக் கிண்ணத்தைச் சாய்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். வரிசை எழுந்து போனது. அவர் எழவில்லை. அடுத்த வரிசை வந்து அவருக்குப் பக்கத்தில் முழங்கால்போட்டது. ஜெபம்பண்ணுகிறார் என்று நினைத்து ஆயர் அவரைத் தாண்டிப் போனார். நான் தாண்டப் போகும்போது அவர் தலையைத் தூக்கினார்.

"அவளுக்கு" என்றார்.

இறந்தவருக்காக ஒருவர் வாங்கக் கூடாது. ஒருவருக்கு இரண்டுமுறை கொடுப்பதும் கிடையாது. இது நான் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதிய பாடம், நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அந்தப் பக்கங்கள் எல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தன, ஒரு வரி விடாமல். நான் விளிம்பைத் துடைத்தேன். கிண்ணத்தைத் திருப்பினேன். அதே வார்த்தைகளை மறுபடி சொன்னேன், அவரிடம் சொல்லவில்லை. அவர் குடித்தார்.

ஆராதனை முடிந்து, மீந்த ரசத்தை ஆயர் வழக்கப்படி தானே குடித்து முடித்தார். கிண்ணத்தை வைத்துவிட்டு அங்கியைக் கழற்றிக்கொண்டே, "நான் ஒண்ணும் பாக்கலம்மா" என்றார். நான் ஒன்றுமே கேட்டிருக்கவில்லை.

அன்றைக்குச் செய்ததை இன்று யார் தவறு என்றாலும் நான் வாதாட மாட்டேன். ஒப்புக்கொள்ளவும் மாட்டேன்.

பிறகு எனக்குப் பட்டம் கிடைத்தது. அப்பா சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து, விழா முடியும்வரை நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். தங்கராஜ் அண்ணன் அதே வருடம் ஓய்வுபெற்று ஊருக்குப் போனார். அவருக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பின. சிலர் திருமழிசைப் பக்கம் மனை வாங்கிப் போனார்கள், பலர் தெற்கே. காலியான வீடுகளில் புதிதாக யாரும் வரவில்லை. கதவும் ஜன்னலும் கழற்றின வீடுகள் கொஞ்ச காலம் நின்றன. பிறகு வரிசை வரிசையாக இடித்தார்கள். மிஞ்சியிருந்த நான்கைந்து குடும்பங்களைப் பக்கத்துச் சபையோடு சேர்த்துவிட்டு, கோடியில் இருந்த கோயிலையும் எடுத்துவிட்டார்கள்.

கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் தங்கராஜ் அண்ணன் போன் செய்வார். இந்த முறை வாழ்த்துச் சொல்லி முடித்த பிறகும் வைக்கவில்லை.

"இங்க எங்க ஊர்க் கோயில் பெருசு சிஸ்டர். முதல் ஞாயிறு எந்திரிச்சிப் போனா எங்க போய் முழங்கால் போடன்னு தெரிய மாட்டேங்கு. கல்யாணம் முடிஞ்சி அவ இங்க ஒரு மாசந்தான் இருந்தா. அப்ப எந்த எடத்துல போட்டாளோ, நான் கவனிக்கல. அங்கன்னா தெரியும். அந்தப் பக்கம் போனியன்னா, கோயில் இல்லன்னாலும் அந்த எடத்த ஒரு எட்டு பாத்துட்டு வாங்களேன்."

போனேன். நேற்றுத்தான். ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி, வீட்டு வரிசைகள் இருந்த பக்கமாக நடந்தேன். நிரவின தரை. கருவேலம் முளைத்திருந்தது. வாசல் எந்தத் திசையைப் பார்த்து இருந்தது என்று நினைவுபடுத்திக்கொண்டு நின்றேன். முதலில் இந்தப் பக்கம் என்று தோன்றியது, பிறகு அந்தப் பக்கம் என்று. வெயில் வரும் ஜன்னல் என்று ஞாபகம், ஆனால் காலை வெயிலா சாயங்கால வெயிலா என்று உறுதியாகத் தெரியவில்லை. எவ்வளவு நடந்தும் அந்த மூலை எனக்கு அகப்படவில்லை.

அண்ணனுக்கு இன்னும் போன் செய்யவில்லை.