அக்கா, அது நடுக்கம் இல்லக்கா

வலது கை போனதுலேர்ந்து இடது கைக்குள்ள அடங்குற குட்டி கீபோர்டுலதான் டைப்பிங். ரெண்டு மூணு பட்டனைச் சேர்த்து அழுத்தினா ஒரு எழுத்து வரும்.

இன்னிக்கு டோல்கேட்ல பஸ் ஏறினதும் மேனேஜர் மெசேஜ். "புது வேலை கீது. வேணுமா? உடனே சொல்லு."

மடியில போனை வெச்சு, கைக்குள்ள இருந்த கீபோர்டுல பதில் அடிச்சுகினு இருந்தேன். பக்கத்து சீட்ல ஜெபமாலையோட ஒரு அக்கா.

"ஐயோ, விரலு இன்னா இப்டி நடுங்குது!"ன்னு என் கையைக் கெட்டியா புடிச்சுகினு ஜெபம் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க.

"அக்கா, அது நடுக்கம் இல்லக்கா..."

"பேசாத நைனா. மாதா பாத்துப்பாங்க."

எர்ணாவூர் வரைக்கும் விடல. அவங்க புடிக்குள்ளயே அடிக்கப் பாத்தேன், எழுத்தெல்லாம் தப்புத்தப்பா விழுந்துச்சு. அப்ப அடுத்த மெசேஜ். "வேற ஆளுக்குக் குடுத்துட்டேன்."

என் விரல் அப்படியே நின்னுபோச்சு.

"பாத்தியா, நின்னுடுச்சு!"ன்னு அக்காவுக்குக் கண்ணுல தண்ணி.

ஆமென்னு சொல்லிட்டு இறங்கிட்டேன். வேற இன்னா பண்ணச் சொல்றீங்க?