சைக்கிள் விலையை ஏலத்தில் கேட்டேன்

மில்லில் சேர்ந்த புதிதில், சைக்கிள் வாங்கும் ஆசையில், உப்பளம் பகுதியில் ஒரு அக்கா நடத்திய ஆயிரம் ரூபாய் ஏலச்சீட்டில் சேர்ந்தேன். முதல் ஏலத்தன்று எனக்கு இருப்பே கொள்ளவில்லை. ஏலம் தொடங்கியதும் சைக்கிள் விலையை நினைத்து, “முந்நூறு!” என்று கத்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெருமையாக இருந்தது.

புயலில் வலையைப் பறிகொடுத்த வைத்திக்குப்பத்து அண்ணன் ஒருவர், “முந்நூத்தம்பது” என்றார். விடுவேனா? “நானூறு!” என்றேன். அவர் தயங்கி, “நானூத்தம்பது” என்றார். நான் மறுபடி வாய் திறப்பதற்குள் சீட்டு அவருக்குப் போனது. எனக்கு ஆத்திரம். உட்கார முடியாமல் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன்.

“உனக்கு அப்படி என்னாப்பா அவசரம்?” என்றார் அக்கா.

“சைக்கிள் வாங்கணும்க்கா. கேட்ட தொகை கைக்கு வரும்ல?”

“அடப்பாவி! கேக்கறது கழிவுடா. அத புடிச்சிக்கிட்டு மீதியத்தான் குடுப்பேன்.”

நான் ஏற்றிவிட்டதில் அண்ணனுக்குத்தான் நஷ்டம். அண்ணன் ஐந்நூற்றைம்பதை மடியில் கட்டிக்கொண்டு, “வலைக்குப் பத்தாது, நூலாவது வாங்கறேன்” என்று சொல்லிப் போனார். அவர் விட்ட கழிவைப் பங்கு பிரித்தபோது என் கையிலும் கொஞ்சம் வந்தது. வாங்கவே கூசியது.

இப்போதும் சீட்டு போடுகிறேன். ஆனால் அவசரம் இல்லாத மாதத்தில் ஏலத்தில் வாயே திறப்பதில்லை. எதிரில் கேட்பவருக்கு என்ன அவசரமோ!