கல்யாணக் காரும் கொத்தனார் டியூபும்

ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டப வாசலில் அன்றைக்கு அப்பாவும் நானும் காரும் இருந்தோம். கல்யாண வீட்டார் உள்ளே பந்தியில் இருந்தார்கள். எங்களோடு இருந்திருக்க வேண்டிய, வழக்கமாக எங்கள் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் இல்லை. சோழபுரத்தில் ஒரு துஷ்டி வீட்டுக்குச் சாவு விசாரிக்கப் போயிருந்தார்.

கார் என்னைவிட மூத்தது. மில்லில் பஞ்சுப்பொதி தூக்கிச் சேர்த்த காசில் அப்பா அதை வாங்கி, ராஜபாளையத்தில் கல்யாணங்களுக்கு வாடகைக்கு ஓட்டினார். என் பாலிடெக்னிக் படிப்பு அந்தக் காரின் முதுகில்தான் ஏறியிருந்தது.

கொஞ்ச மாதங்களுக்கு முன்பு, பெட்ரோல் பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வெடித்துவிட்டது. கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்ப்பார்களே, கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் அந்த பிளாஸ்டிக் டியூபில் ஒரு முழம் வாங்கி, கம்பி சுற்றி மாட்டினார் அப்பா. "பெட்ரோல் ஓடுறது கண்ணுக்குத் தெரியுதுலா" என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. இன்னொரு டிரைவர் பார்த்துவிட்டுத் தன் வண்டிக்கும் மாட்டிக்கொண்டார்.

அன்று வரும் வழியிலேயே பெட்ரோல் வாசம் அடித்தது. மண்டபத்தில் பானெட்டைத் திறந்தால், டியூப் மஞ்சளாகி, காய்ந்த முருங்கைக்காய் போல விறைத்துக் கிடந்தது. நுனியில் கீறல். இஞ்சினும் கீழே மண்ணும் நனைந்திருந்தன. பெண்ணும் மாப்பிள்ளையும் ராகுகாலத்துக்கு முன்பு ராஜபாளையம் கிளம்ப வேண்டும்.

"ஓடுல, புது ஹோஸ் வாங்கிட்டு வா" என்றார் அப்பா. " யார் கேட்டாலும் வாயத் தொறக்காத. தாலி கட்டுன அன்னைக்குக் கார் ஒழுகுச்சுன்னா அபசகுனம்பாக. பொறவு ஒருத்தரும் நம்மளக் கூப்பிட மாட்டாக."

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லாரி சாமான் கடை திறந்திருந்தது. அறுத்து எடுத்துப்போன துண்டைக் கடைக்கார பாய் தட்டிப் பார்த்தார். குச்சி போலச் சத்தம் கேட்டது.

"ஏலே, கார வெச்சு வீடா கட்டுதீய? இதுல பெட்ரோல் விட்டா வெறச்சு ஒடஞ்சுல்ல போகும்!"

நல்ல ஹோஸும் இரண்டு க்ளிப்பும் வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். அப்பா மாட்டினார். ஸ்டார்ட் செய்தோம்; ஒழுகவில்லை. அணைத்தோம். ஆனாலும் வாசம் போகவில்லை. துடைத்த துணியே நாறியது.

அதற்குள் பெண்ணின் அத்தை ஆரத்தித் தட்டோடு படியிறங்கினாள். பின்னால் ஒருவர் திருஷ்டி கழிக்க, தடியங்காய் என்னும் வெள்ளைப் பூசணியில் கற்பூரம் வைத்து ஏந்தி வந்தார். மாப்பிள்ளைக் காரைக் கற்பூரம் சுற்றாமல் அனுப்புவது எங்கள் பக்கம் வழக்கமில்லை.

"என்ன டிரைவரண்ணே, பொண்ணு மாப்பிள்ளைய வெயில்ல நிறுத்திட்டு வண்டிக்குள்ள மூஞ்சியப் பொதச்சிருக்கீக?"

"தண்ணி ஊத்துதேன் தாயி. செத்த நேரம்."

அப்பா என்னைப் பார்த்தார். ஈர மண்ணிலிருந்து விலக்கிக் காரைத் தள்ளினோம். முன்னால் கார்புரேட்டர், பின்னால் டேங்க். பயமில்லாமல் கற்பூரத்தைச் சுற்ற எந்தப் பக்கமும் இடமில்லை. மாப்பிள்ளை கதவைத் திறந்து பெண்ணை ஏற்றினான். அவள் மூக்கைச் சுளித்துவிட்டு, முந்தானையால் அதை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். தடியங்காய்க்காரர் தீப்பெட்டியை எடுத்தார். நான் அப்பா பக்கம் திரும்பினேன்.

"கொளுத்தாதீய!"

கத்தியது அப்பா. மேளம்கூட நின்றது.

"பெட்ரோல் ஒழுகிருச்சு தாயி. மாத்தியாச்சு. ஆனா தீ வேண்டாம். புள்ளைகள எறக்குங்க."

அத்தை தட்டை அப்படியே பிடித்தபடி நின்றாள். மாப்பிள்ளையின் பெரியப்பா, "நல்ல நாள்ல இப்படியொரு வாய்!" என்று சீறினார். பெண் இறங்கும்போது அப்பாவைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள். யாரோ வேன் ஒன்றைப் பிடித்து வந்தார்கள். கற்பூரம் அதைச் சுற்றியது. கேட்பதற்கு முன்பே அப்பா அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தார்.

பூ அலங்காரத்தோடு வெறும் காரில் திரும்பினோம். வழியில் இரண்டு தரம் நிறுத்தி பானெட்டைத் திறந்து பார்த்தார். ஒரு சொட்டுக்கூட இல்லை.

"படிப்ப நிறுத்திராதல" என்றார். நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

மறுநாள் மெக்கானிக் வந்து டேங்க் முதல் எல்லா ஹோஸையும் மாற்றினார். அதுவும், பாய் கடைச் சாமானும், மண்ணில் போன பெட்ரோலும், வராமல் போன வாடகையும் சேர்த்து எங்களுக்கு ஆனது, அந்தக் காலத்து நானூற்றுப் பதினேழு ரூபாய்.