கத்தியில் குறை இல்லை

என் வீட்டுக்காரருக்குக் கை நடுங்குகிறது என்பதை நான் முதலில் காதால்தான் தெரிந்துகொண்டேன். அவர் சவரத் தொழிலாளி. சின்ன காஞ்சிபுரத்தில் இருபது வீடுகளுக்கு மேல் அவருக்கு வாடிக்கை. பெரும்பாலும் தறி போட்ட வீடுகள், ஒரு வாத்தியார் வீடும் உண்டு. முறை வைத்துப் போய், பின்கட்டில் பலகை போட்டு உட்காரவைத்து, முகம் மழித்துவிட்டு வருவார். கிளம்புவதற்கு முன்னால், எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சாக்கை விரித்துக் கத்திகளைத் தீட்டுவார். கல்லின்மேல் தண்ணீர் தெளித்து, கத்தியைப் படுக்கவைத்து முன்னால் தள்ளுவார். முதுகின்மேல் புரட்டி மறுபடி இழுப்பார். சத்தம் அறுபடாமல் நீளமாக வரும். அடுப்படியில் இருக்கும் எனக்கு அது இருப்பதே தெரியாத அளவுக்குப் பழகிப்போயிருந்தது.

அறுபதுகளின் கடைசியில், எங்கள் ஒரே மகளைத் திருப்புட்குழியில் கட்டிக்கொடுத்த மறு வருசம், ஒரு காலையில் அந்தச் சத்தம் விட்டுவிட்டு வந்தது. குளிரில் பல் அடித்துக்கொள்கிற மாதிரி. எட்டிப் பார்த்தேன். அவர் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை. அடுப்புக்குத் திரும்பிவிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு நாள் மதியம் வீட்டுக்கு வந்து பெட்டியை வைத்ததும் வைக்காததுமாகச் சொன்னார்.

"வாத்தியாரு தாடையில கீறிட்டேன்."

"பெருசா?"

"சின்னதுதான். படிகாரம் வெச்சேன், நின்னுடுச்சு." சொல்லிவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "கத்தி மொண்ணையா இருந்திருக்கும். கல்ல பாரு, தேஞ்சு நடுவுல குழி வுழுந்துடுச்சு. அதுல தீட்டுனா எப்படி கூர் நிக்கும்?"

கல்லில் குழி இருந்தது உண்மைதான். ஆனால் அது பல வருசத்துக் குழி. அவர் கல்லை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது.

"ஆமா, கல்லுதான்" என்றார்.

அந்த வாரமே மதராசுக்கு பஸ் ஏறிப் போய்ப் புதுக் கல் ஒன்று வாங்கிவந்தார். சந்தன நிறம், கன்னம் மாதிரி வழவழப்பு. புதுக் கல்லிலும் கத்தி தட்டித் தட்டித்தான் போனது. இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள், "குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு நோவுதுன்ற, குடு நான் தீட்டறேன்" என்று வாங்கிக்கொண்டேன். அவர் மறுக்கவில்லை. சாக்கில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

இருபது வருசம் பார்த்திருந்தாலும், கையில் எடுத்தபோதுதான் அது எத்தனை நுணுக்கம் என்று தெரிந்தது. கத்தியின் முதுகு ஒரு நூல் தூக்கினாலும் கூர் மழுங்கிவிடும். முதல் சில நாள் கெடுத்தேன். அவர் மறுபடி பழைய கல்லில் தேய்த்துச் சரிசெய்யப் பார்த்து, முடியாமல் என்னிடமே நீட்டுவார். "தூக்காத" என்று மட்டும் சொல்வார். ஒரு மாதத்தில் கை வந்துவிட்டது. ஜன்னல் கம்பியில் கட்டியிருந்த தோல்வாரில் நாலு இழுப்பு இழுத்து, முழங்கை முடிக்கு மேலே சும்மா கொண்டுபோனாலே முடி துள்ளி விழும். அவர் அதைப் பார்த்து, "இவ்ளோ கூர் நான்கூட வெச்சதில்ல" என்றார். அன்றைக்கு எனக்கு வந்த பெருமையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

மொண்ணைக் கத்தி நடுங்கினால் தோலின்மேல் வழுக்கிப் போகும். கூர்க் கத்தி நடுங்கினால் உள்ளே இறங்கும். இது எனக்குத் தெரியாதா என்ன? வெண்டைக்காய் நறுக்குகிறவளுக்குக்கூடத் தெரியும். தெரிந்தும் தினமும் தீட்டினேன். கூர் ஏற ஏற ஒரே இழுப்பில் வேலை முடிந்துவிடும், கை நடுங்க நேரம் இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வைகாசியில் ஒரு கல்யாணம் வந்தது. நாலு தறி ஓடுகிற வீடு. மாப்பிள்ளைப் பையனின் முதல் முடியை எடுத்ததே என் வீட்டுக்காரர்தான். பையனின் அப்பா வீடு தேடி வந்து, "காலையில மாப்பிள்ளை சவரத்துக்கு நீதான் பா வரணும்" என்று அழைத்துவிட்டுப் போனார். அவர் போனதும் இவர் என் பக்கம் திரும்பினார்.

"போவலாமா?"

அப்போது ஒரு சொல் போதும். உடம்பு சரியில்லை என்று ஆள் அனுப்பியிருக்கலாம்.

"கத்தி நான் தீட்டிக் குடுக்கறேன். அது பாட்டுக்குப் போவும்" என்றேன்.

கல்யாணத்தன்று வெயில் ஏறுவதற்குள் திரும்பி வந்துவிட்டார். பந்தியில் உட்காரவில்லை. பெட்டிக்குள் இருந்த துண்டு சிவப்பாக ஊறியிருந்தது. நான் கேட்காமலே சொன்னார். வலது கன்னத்தில் காதுக்குக் கீழே ஆரம்பித்து நான்கு விரல் நீளம். படிகாரத்துக்கு நிற்கவில்லை. மஞ்சளை அப்பினார்கள், அதற்கும் நிற்கவில்லை. பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார்கள். முகூர்த்தத்துக்குக் கட்ட வைத்திருந்த வேட்டியிலும் சொட்டிவிட்டது.

"அவுங்க அப்பா இன்னா சொன்னாரு?"

"பரவால்ல பா, கல்யாணத்துல செகப்பு நல்லதுதான், நீ போயி சாப்புடுன்னாரு."

யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் இவரும் திரும்பப் பேசியிருப்பார், ஏதாவது ஒரு வழி பிறந்திருக்கும். அடுத்த முறைக்கு அந்த வீட்டுக்குப் போனபோது மாப்பிள்ளையின் அப்பா ஏற்கெனவே வழவழவென்று மழித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாராம். உள்ளேயிருந்து காபி கொண்டுவரச் சொன்னாராம். "உடம்பப் பாத்துக்கோ பா" என்றாராம். இவர் காபியைக் குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தார். பிறகு பக்கத்து வீடு. அதற்குப் பிறகு அந்தத் தெரு. ஆடி முடிவதற்குள் வாத்தியார் வீடு ஒன்றுதான் மிச்சம். வாத்தியாரும் தாடி வளர்க்கப்போவதாகச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார், நடக்கச் சொல்லிப் பார்த்தார். நரம்பு நோய், மாத்திரை தருகிறேன், ஆனால் ஏறிக்கொண்டேதான் போகும் என்றார். நல்ல மனிதர். பொய் சொல்லவில்லை.

வேலை இல்லாவிட்டாலும் காலையில் கத்திகளை எடுத்துவந்து என் முன்னால் வைப்பார். நானும் தீட்டுவேன். எதற்கு என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. நான் நன்றாகத் தீட்டுவது வெளியே தெரிந்து, பஸ் நிலையத்துப் பக்கம் சலூன் வைத்திருந்த ஒருவர் தம் கத்திகளையும் அனுப்பலானார். சில மாதம் செய்தேன். இவருக்கு அதற்குள் ஞாபகமும் பிசகத் தொடங்கியிருந்தது. கல்லில் சத்தம் கேட்டதும் சட்டையை மாட்டி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் நிற்பார். "முறை நாளு, நேரமாவுது" என்பார். கையைப் பிடித்து உள்ளே கூட்டிவருவேன். மறுநாளும் நிற்பார். சலூன்காரரிடம் இனி முடியாது என்று சொல்லிவிட்டேன்.

நினைவு தெளிவாக இருந்த ஒரு பிற்பகலில் அவரிடம் சொன்னேன்.

"அன்னைக்கு வாத்தியாருக்குக் கீறினப்போ கத்தி மொண்ணையா இல்ல. நான் சும்மா சொன்னேன்."

அவருக்கு அப்போது உதடும் நடுங்கும், சொல் வெளியே வர நேரமாகும்.

"எனக்குத் தெரியாதா? நான் தீட்டுன கத்தி."

"அப்போ கல்யாணத்துக்கு ஏன் போனே?"

"நீ சொன்னே. நம்பணும்னு இருந்துச்சு."

மன்னித்தாரா, குற்றம் சொன்னாரா, எனக்குத் தெரியாது. முகத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அந்த நோய் முகத்தையும் இறுக்கிவிட்டிருந்தது. மேற்கொண்டு கேட்க எனக்கும் தைரியம் இல்லை. எழுந்துபோய் அரிசி களைந்தேன்.

பிறகு தலையும் ஆட ஆரம்பித்தது. அவருக்கு நான்தான் சவரம் செய்தாக வேண்டும். ஆடுகிற தலையில் கத்தி வைக்க முடியாது. கடைத்தெருவுக்குப் போய், பிளேடு மாட்டுகிற சின்ன ரேசர் ஒன்று வாங்கிவந்தேன். சோப்பு தடவி அதை எடுத்ததும் அவர் கண் அதன்மேல் போனது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் தாடையைப் பிடித்து மெதுவாக என் பக்கம் திருப்பினேன். கண்ணை மூடிக்கொண்டார். மழித்தேன். ஒரு கீறல்கூட விழவில்லை. முன்பெல்லாம் சவரம் முடிந்ததும் கண்ணாடி கேட்டு வாங்கிக் கிருதாவைப் பார்ப்பார். அன்றிலிருந்து கேட்கவில்லை. நானும் எடுத்துக் காட்டவில்லை. வாரம் இரண்டு முறை, மூன்று வருசம் அப்படியே போயிற்று. பிறகு அவரும் போய்விட்டார்.