மெயில்காரரை விடுவித்த கையேடு

எங்கள் பம்ப் கம்பெனியில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் மெயில்காரர் என்போம். எனக்கு மட்டும் தம்பி. ஒன்பது வருடமாக ஜன்னல் இல்லாத அறையில், உறுமும் ஏசிக்குக் கீழே, மப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். லீவு எடுத்தால் வழியிலேயே போன் வரும். பாதி தூரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வந்ததும் உண்டு.

அவர் மனைவி நர்ஸ். ஆறு மணி நேரத் தொலைவில் வேலை கிடைத்து, இரண்டு வருடத்துக்கு முன் கைக்குழந்தையோடு போய்விட்டார். அதே ஊரில் எங்களுக்குக் கிளை இருக்கிறது. ஆனால் தம்பி மாற்றல் கேட்டு எழுதியதெல்லாம் கிணற்றில் போட்ட கல். மானேஜருக்கு ஒரே பதில்தான்: "உங்களை விட்டா இது யாருக்குத் தெரியும்? வேற ஒருத்தர் செய்வாங்கன்னு காட்டுங்க, மறுநாளே அனுப்பறேன்."

போன மாதம் போனில் மகள் அவரை "மாமா" என்று கூப்பிட்டாளாம். அதைச் சொல்லும்போது சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

யாருக்காவது கற்றுக்கொடுக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். மெயில் சர்வரை ஓட்டும் மென்பொருள் இலவசம். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம். கூட வரும் கையேடும் இலவசம், அதனால்தானோ என்னவோ ஒருவரும் அதை ஒழுங்காக எழுதவில்லை. முக்கியமான இடம் வந்ததும் 'தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளவும்' என்று கைகழுவிவிடும். எதை மாற்றுவது என்று தெரிந்தவன் கையேட்டை ஏன் திறக்கிறான்? இரண்டு பேர் படித்துப் பார்த்துவிட்டு ஓடிவிட்டார்கள்.

கடைசியில் தம்பியே அதைத் திருத்த உட்கார்ந்தார். ஆறு மாதம், சாப்பாட்டு நேரத்தில், பக்கம் பக்கமாக எழுதி, மென்பொருளைப் பராமரிக்கும் முகம் தெரியாத ஆட்களுக்கு அனுப்புவார். அவர்கள் கமா வரை குடைந்து திருப்பி அனுப்புவார்கள். இவர் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி எழுதுவார்.

பரீட்சைக்கு என்னைக் கூப்பிட்டார். ஸ்டோரில் நட்டு போல்ட்டுக்குப் பொறுப்பானவள் நான்.

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா, அதான் வேணும்."

கோபப்படுவதா என்று யோசித்தேன். அந்தக் குழந்தையை நினைத்துச் சரி என்றேன்.

காலிக் கம்ப்யூட்டர் ஒன்றில் நான் முதலிலிருந்து சர்வரை அமைக்க வேண்டும்; பின்னால் இருக்கும் தம்பி வாயைத் திறக்கக் கூடாது. மானேஜரும் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதியதை அப்படியே செய்தேன். விற்பனைப் பிரிவுக்கு வரும் மெயில் யாருக்குப் போக வேண்டும் என்று பட்டியலில் சேர்த்தேன். ஒரு மெயில் அனுப்பினேன். போய்ச் சேரவில்லை. மூன்று முறை அனுப்பியும் அதே கதி. மானேஜர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

திரும்பிப் பார்த்தேன். தம்பியின் விரல்கள் முழங்காலில் எதையோ தட்டிக்கொண்டிருந்தன.

"தம்பி, கை என்ன அடிக்குது?"

குனிந்து தன் கையையே பார்த்தார். பட்டியலை மாற்றியபின், அதைப் புதிதாகப் படிக்கும்படி சர்வருக்குச் சொல்லும் கட்டளை அது. ஒன்பது வருடம் விரலே அடித்துப் பழகியதில், அப்படி ஒரு வேலை இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது.

"எழுதவே இல்லையேக்கா," என்றார். கண் கலங்கியிருந்தது.

அந்த ஒரு வரியைச் சேர்த்தார். மறுவாரம் ஒரு கேள்வியும் கேட்காமல் முடித்தேன். மெயில் வந்து விழுந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மானேஜர் அங்கேயே மாற்றலுக்குக் கையெழுத்துப் போட்டார். பிறகு சர்வர் அறைக் கதவில் இருந்த பெயரைக் கிழித்துவிட்டு என் பெயரை ஒட்டினார்.

"ஸ்டோரோட சேர்த்து இதையும் பாத்துக்கங்க. லீவு வேணும்னா முன்னாடியே சொல்லிடுங்க."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. தம்பி மேல் கோபம் கோபமாக வந்தது. பையை மாட்டிக்கொண்டு அவர் ஓடாத குறையாகக் கிளம்பியதைப் பார்த்ததும் அதுவும் நிலைக்கவில்லை. கதவருகே நின்று, "அக்கா, நீங்களும் யாரையாவது உட்கார வெச்சு..." என்று ஆரம்பித்தார். மானேஜரைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் கையேட்டை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸை ஒரு சுற்றுப் பார்த்தேன். எல்லோரும் தலையைக் குனிந்து மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தார்கள்.