கண்ணாடிக் கொட்டகையில் தக்காளி நாற்று

அவர் லிஃப்ட் மெக்கானிக். வேலையின்போது லிஃப்ட் குழிக்குள் தவறி விழுந்து கால் முறிந்து வீட்டோடு கிடந்தார். கட்டுப் பிரித்து ஊன்றுகோலுடன் நடமாட ஆரம்பித்ததும், மனைவி எது செய்தாலும் அதில் அவர் குறை சொன்னார். மனைவி ஒரு நர்ஸ். பொறுத்துப் பார்த்துவிட்டு, பழைய கதவு ஜன்னல் விற்கும் தன் தம்பிக்குப் போன் செய்தார்.

“உன் அத்தானுக்கு ஏதாவது வேலை குடுடா. இல்லேன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்.”

தம்பி கண்ணாடி ஜன்னல்களை வண்டியில் ஏற்றிவந்தான். இருவருமாகக் கொல்லைச் சுவரை ஒட்டி ஒரு கொட்டகை கட்டினார்கள். உள்ளே பலகை போட்டு, தட்டுகளில் தக்காளியும் மிளகாயும் விதைத்தார் அவர்.

தக்காளி முளைத்தது. அவர் போகும்போதெல்லாம் தண்ணீர் ஊற்றினார். ஒரு காலையில் பார்த்தால், தண்டு மண்ணோடு சேரும் இடத்தில் நூலாக இளைத்து எல்லாம் சாய்ந்து கிடந்தன.

“நிமிஷத்துக்கு ஒரு தரம் தண்ணி குடுத்தா நோயாளியே தாங்க மாட்டான். இது பச்சப்புள்ளைங்க,” என்றார் மனைவி.

அடுத்த முறை தட்டுகளைக் கழுவி, புது மண்ணில் தேங்காய் நார்த்தூள் கலந்து விதைத்தார். தட்டின் அடியில் மட்டும் தண்ணீர் விட்டார். காற்று வர ஒரு ஜன்னலைத் திறந்தே வைத்தார். நாற்றுகள் நின்றன. மிளகாய் மட்டும் கடைசிவரை கண் திறக்கவே இல்லை.

நாற்றுகளைக் கோப்பைகளுக்கு மாற்றிய அன்று மனைவிக்கு விடுமுறை. அவரும் கூட வந்து உட்கார்ந்தார்.

“தண்டைப் பிடிக்காதே. இலையைப் பிடி. இலை போனா வேற இலை வரும்.”

மனைவி இலையைப் பிடித்தார்.

“டாக்டர் அடுத்த மாசம் வேலைக்குப் போகலாம்னு சொல்லிட்டார்,” என்றார் கணவர். “எனக்கு அந்தக் குழியில திரும்ப இறங்கவே பயமா இருக்கு.”

விழுந்த நாளிலிருந்து அவர் இதை யாரிடமும் சொன்னதில்லை.

“அப்போ இறங்காதீங்க.”

“வேற என்ன தெரியும் எனக்கு?”

“லிஃப்ட் நின்னா ஏன் நின்னுச்சுன்னு தெரியும்ல? அதைப் போன்ல சொல்றதுக்கும் ஆள் வேணுமே. கேட்டுப் பாருங்க.”

கேட்டார். கம்பெனியின் புகார் பிரிவில் ஒரு நாற்காலி கிடைத்தது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் போனில் பேசி, ஆள் போய்ச் சேரும்வரை பதறாமல் பார்த்துக்கொள்வது வேலை. அவருக்கு அது நன்றாகவே வந்தது.

கொட்டகையை இப்போது மனைவிதான் பார்க்கிறார். தக்காளியோடு கத்தரியும் போட்டிருக்கிறார். கணவர் தண்ணீர்க் குவளையைத் தொட்டால் சத்தம் போடுகிறார்.