நாற்பது கார்டுகளும் ஒரு பிஸ்கட் டப்பாவும்

கூட்டல் மெஷின் மாட்டிக் கொடுக்கும் தொழிலில், அது ஒழுங்காக ஓடினால் பெயர் மெஷினுக்கு; ஓடாவிட்டால் வசவு மாட்டியவனுக்கு. எதையாவது மாட்டிக் கொடுத்துப் பிழைத்த அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யுத்தம் முடிந்த சமயம், தூத்துக்குடியில் ஓர் உப்பு ஏற்றுமதிக் கம்பெனிக்கு அப்படியொன்றை மாட்டிவிட்டு, ஆறு மாதம் கூடவே இருக்கப் போனேன். தோணிக்கு ஒரு கார்டு. ஏற்றிய மூட்டை எண்ணிக்கைப்படி அதில் துளை போடுவார்கள்; மெஷின் துளைகளைப் படித்துக் கூட்டிச் சொல்லும். அது சரியாகச் சொல்கிறதா என்று சோதிக்க, நானே துளையிட்ட நாற்பது கார்டுகளைச் சென்னையிலிருந்து கொண்டு போயிருந்தேன். விடை என் சட்டைப் பையில்.

முதல் ஓட்டம்

எடுத்த எடுப்பிலேயே விடை ஒன்பது அதிகம். இரண்டு நாள் மெஷினின் குடலை உருவி வெளியே போட்டுத் திரும்ப மாட்டினேன். அதே ஒன்பது. கார்டில் துளை போடும் குமாஸ்தா எபனேசர் நாசரேத்துக்காரர், சாதுவான மனிதர். என் நாற்பதையும் வாங்கிப் பென்சிலால் கூட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"மெஷின் சரியாத்தான் சொல்லுது சார். எங்க ஊர்ப் பள்ளிக்கூடமா இருந்தா உங்களத்தான் பெஞ்சுமேல ஏத்தியிருப்பாங்க."

சந்தனப் பொட்டு

விடையைத் திருத்திக்கொண்டேன். தினமும் காலையில் இந்த நாற்பதும் சரியாக ஓடினால்தான் அன்றைய வேலை என்று சொல்லி, தலைமைக் குமாஸ்தா பொன்னுச்சாமி அண்ணாச்சியிடம் கார்டுகளை ஒப்படைத்தேன். ஆயுத பூஜைக்கு மறுநாள் மெஷின் கன்னாபின்னாவென்று கூட்டியது. பார்த்தால் ஒவ்வொரு கார்டிலும் சந்தனப் பொட்டு, பாதித் துளைகள் அடைத்துக் கிடந்தன. புதிதாக நாற்பது செய்து கொடுத்து, இதையாவது கண்போலப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கும்பிட்டேன். அண்ணாச்சிக்கு மனத்தாங்கல்.

"மெஷினுக்குப் பொட்டு வச்சாச்சு. அதுக்குப் பரீட்சை வைக்குத வாத்தியாருக்கு வைக்காண்டாமா?"

தொலைந்த தோணி

ஐப்பசி மழை தொடங்கியதும் நாளுக்கொரு தோணி கூட்டலில் காணாமல் போயிற்று. என் நாற்பதுக்கோ காலைதோறும் சரியான விடை. மெஷின் மேல் குற்றமில்லை என்று தினமும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்படியானால் குற்றம் துளை போட்டவர் மேல்தானே? ஒரு வாரத்துக்குள் தவறு நிற்காவிட்டால் வேலை இல்லை என்று மானேஜர் எபனேசருக்குக் கடிதம் கொடுத்துவிட்டார். கிறிஸ்துமஸ் கழிந்ததும் அவருக்குக் கல்யாணம். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் நடமாடினேன்.

ஆறாம் நாள் அவரே வந்தார். அந்த நாற்பது கார்டும் ஒரே ஒரு நாள் தன் மேஜையில் கிடக்கட்டும் என்றார். தோணிக் கார்டுகள் கிடக்கும் அவர் மேஜை கடலைப் பார்த்த ஜன்னலோரம். மறுநாள் காலை என் கார்டுகள் நமத்த அப்பளம் மாதிரி நெளிந்து, ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, இரண்டிரண்டாக உள்ளே போயின. மேலே இருந்த கார்டை மட்டும் மெஷின் படித்தது. தொலைந்த தோணிகளெல்லாம் அகப்பட்டுவிட்டன. மானேஜர் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எபனேசரிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அண்ணாச்சியிடம் போய், இத்தனை நாள் கார்டுகளை எங்கே வைத்திருந்தீர்கள் என்றேன்.

"கண்ணுபோல பாத்துக்கிடச் சொன்னியள்லா? பிஸ்கட் டப்பாவுல வறுத்த அரிசியும் போட்டு இறுக்கி மூடி, இரும்புப் பெட்டிக்குள்ளல்லா வச்சிருந்தேன்! ஒரு பொட்டு ஈரம் அண்டுமா?"

ஆக, மெஷின் நன்றாக இருக்கிறதென்று நான் அத்தனை நாளும் போட்ட கையெழுத்தெல்லாம் அண்ணாச்சியின் பிஸ்கட் டப்பாவுக்குக் கொடுத்த நற்சான்றிதழ்.